வட்ட நீச்சல் குளத்தின் அடிச்சட்டம்: கான்கிரீட் வளையம் ஊற்ற வேண்டுமா?

மார்ச் 9, 2024 (இழையைத் தொடங்கியவரின் கேள்வி)

டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். தரைக்கு மேல் நிறுத்தும் வகையில், 24 அடி விட்டமும் எஃகுச் சுவரும் கொண்ட வட்டக் குளம் ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரித்தோம். அடிச்சட்டம் என்று வந்திருப்பது கையால் முறுக்கினால் வளைந்துவிடும் மெல்லிய தகடு. நான்கு அடி உயரத் தண்ணீரை இது எப்படித் தாங்கும்? சுற்றிலும் பள்ளம் வெட்டிக் கான்கிரீட் வளையம் ஊற்றி, அதன் மேல் சட்டத்தை வைக்கும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லவும்.

மார்ச் 10, 2024

வளையம் வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரே வென்றுவிடுவார்.

அந்த மெல்லிய தகடு எதையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. பெட்டியில் பாட்டம் ட்ராக் என்று எழுதியிருக்கும் அடித்தடத்தின் வேலை, சுவரின் கீழ் விளிம்பைத் தன் பள்ளத்தில் பிடித்து வட்டம் கலையாமல் நிறுத்துவது மட்டுமே. 24 அடி விட்டமும் 4 அடி நீருயரமும் என்றால் ஏறத்தாழ 13,500 காலன், அதாவது 51 டன் தண்ணீர். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த எடை முழுவதும் தரையின் மேல் பரவி உட்காருகிறது. சதுர அடிக்கு 250 பவுண்டு, சதுர அங்குலத்துக்கு ஒன்றே முக்கால் பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால் அவருடைய உள்ளங்கால் தரையை இதைப் போல மூன்று மடங்கு அழுத்தும். ஆகவே தண்ணீரின் எடையால் மண் நொறுங்கிவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை.

பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவது சுவர்த் தகடு. பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டையைப் போல அது முழு வட்டமாக இழுபட்டு நிற்கிறது. நான்கு அடி நீருக்கு அந்த இழுவிசை மொத்தத்தில் ஏறத்தாழ 6,000 பவுண்டு வரும். அதைச் சுமப்பவை சுவரின் இரு முனைகளும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக முடுக்கப்படும் போல்ட்டுகள். அடிச்சட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது அந்தப் போல்ட்டு வரிசையைப் பார்த்துத்தான்.

அப்படியானால் அடிச்சட்டத்தில் கவனிக்க என்ன இருக்கிறது? மட்டம் இருக்கிறது. இந்த வேலையில் முக்கால் பங்கு மட்டம்தான்.

மார்ச் 11, 2024

நேற்று எழுத விட்டது: மேலே சொன்ன கணக்கு வட்டக் குளத்துக்கு மட்டுமே பொருந்தும். நீள்வட்டக் குளத்தின் நேர்ப்பக்கங்களுக்கு வளைய இழுவிசை கிடைக்காது. அங்கே தண்ணீர் சுவரை வெளியே தள்ளும். அதனால்தான் அந்த வகைக்குப் பக்கவாட்டில் முட்டுச் சட்டங்களும், தரைக்கடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும் எஃகுப் பட்டைகளும் தருகிறார்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் நிறுத்தியது வட்டம்.

மார்ச் 16, 2024

தோண்டத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிலத்தடியில் போகும் குழாய்களையும் கம்பிகளையும் தோண்டும் முன் குறித்துத் தரச் சொல்லும் தொலைபேசி எண்ணான 811-ஐ அழைத்தீர்களா? அழைக்காவிட்டால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். கட்டணம் கிடையாது. நிறுவனங்களின் ஆட்கள் வந்து புல்லின் மேல் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். ஆனால் உங்கள் வீட்டுப் புல்வெளிக்கு நீங்களே போட்ட தெளிப்பான் குழாய்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அது உங்கள் பாடு. குளத்தின் அடியில் அந்தக் குழாய் எதுவும் போகக் கூடாது. பின்னாளில் அது கசிந்தால் மணல் அரிக்கப்படுவது தெரியாது. குளத்தின் உட்புறம் விரிக்கும் வினைல் உறையான லைனர் ஓரிடத்தில் மெத்தென்று உள்வாங்கும்போதுதான் தெரியும்.

தலைக்கு மேலும் ஒருமுறை பாருங்கள். மின்கம்பி போகும் பாதைக்குக் கீழே குளம் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மார்ச் 17, 2024

புல்லை அப்படியே விட்டு அதன் மேல் மணலைக் கொட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. வேர் அழுகி, அழுகிய இடம் அமுங்கும். இந்த ஊர்ப் புல்வெளிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் பெர்முடா புல் நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்தும்போது இருக்கும் பக்தி, அதை வேரோடு பெயர்க்கும்போது எவருக்கும் இருக்காது. அதைவிடப் பொல்லாதது கோரை. அதன் கூரிய முளை வினைல் லைனரைத் துளைத்துக்கொண்டே மேலே வந்துவிடும். கிழங்கைத் தோண்டி எடுக்காமல் தலையை மட்டும் செதுக்கிவிட்டு மணலைப் பரப்பினால், நீங்கள் செய்தது வேளாண்மை.

மையத்தில் ஒரு முளை அடித்து, 13 அடி நூலைக் கட்டி வட்டம் போடுங்கள். குளத்தின் ஆரம் 12 அடி. கூடுதலாக உள்ள ஒரு அடி, சுற்றி நின்று வேலை செய்வதற்கும் கல் பதிப்பதற்கும்.

மார்ச் 23, 2024

மட்டம் எடுப்பதைப் பற்றி. பொறுமையாகப் படியுங்கள், இதில் அவசரப்பட்டவர்களின் குளத்தைத் தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், குளம்தான் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டும் மறுபக்கம் கையகலம் இறங்கியும் நிற்கும் அந்தக் கோணலை லைனரில் உள்ள ஓடு போன்ற அச்சுக் கோடுகள் ஊருக்கே எடுத்துச் சொல்லும்.

பள்ளத்தை நிரப்பக் கூடாது, மேட்டை வெட்ட வேண்டும் என்பதுதான் முதல் விதி. தாழ்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மற்ற எல்லா இடங்களையும் அதன் உயரத்துக்குக் கொண்டு வர வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால் எவ்வளவு இடித்தாலும், காலங்காலமாக அசையாமல் கிடக்கும் மண்ணின் இறுக்கம் வராது. தண்ணீர் ஏறியதும் அந்தப் பக்கம் மட்டும் இறங்கும். தரை அழுத்தத்தைப் பற்றி முன்பு நான் சொன்னதும் இதுவும் முரண் அல்ல. மண் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்கினால் எந்தக் கேடும் இல்லை, ஒரு பக்கம் மட்டும் இறங்குவதில்தான் கேடு.

நான் நிறுத்தியபோது அப்பா இங்கே வந்திருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். வாடகைக்கு எடுத்து வந்த லேசர் கருவியை ஒரு முக்காலியில் வைத்து நான் குறி எழுதிக்கொண்டிருக்கையில், அவர் கடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒரு சுருள் வாங்கி வரச் சொல்லி, அதில் தண்ணீரை நிரப்பி, கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாயாக மாற்றிக்கொண்டார். குழாய்க்குள் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் மட்டம் தவறிவிடும் என்பதால், வெயிலில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு குமிழியையும் விரலால் தட்டித் தட்டி மேலே ஏற்றினார். அவருடைய குறிக்கும் லேசரின் குறிக்கும் வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமன்தான். அதில் அவருக்கு வியப்பு எதுவும் இல்லை. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்: "இது நம்ம கரிசல்ப்பா. காஞ்ச மண்ணுல மட்டம் பாக்காத. நனைச்சு ஊற விட்டு, கால் பதியாத பக்குவத்துல பாரு."

அவர் சொன்னது உண்மை. ரெட் ஆற்றுக்கு அருகே தொடங்கி டல்லாஸ், வேக்கோ, ஆஸ்டின் வழியாகச் சான் அன்டோனியோ வரை இறங்கும் பிளாக்லேண்ட் புல்வெளிப் பட்டையின் மண்ணும் நம் கரிசலும் மண்ணியலில் ஒரே வகையைச் சேர்ந்தவை, இரண்டுமே வெர்ட்டிசால். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண். டெக்ஸாஸின் மாநில மண்ணாகச் சொல்லப்படும் ஹூஸ்டன் பிளாக் என்ற வகை இதில்தான் வருகிறது.

மார்ச் 24, 2024

ஒரு அங்குலம் வரை சாய்வு இருக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, எனக்கு முக்கால் அங்குலம்தான் வருகிறது, விட்டுவிடுகிறேன் என்கிறார் இழையைத் தொடங்கியவர். விடாதீர்கள். அந்த ஒரு அங்குலம் குளம் நிரம்பி, மண் அமுங்கி, எல்லாம் முடிந்த பிறகு இருக்கக்கூடிய சாய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தரையிலேயே முக்கால் அங்குலத்தைச் செலவழித்துவிட்டால் மண்ணுக்கு என்ன மிச்சம் வைப்பீர்கள்? கால் அங்குலத்துக்குள் கொண்டு வாருங்கள்.

மார்ச் 30, 2024

இப்போது கல். தூண் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அடித்தடத்தின் இரண்டு துண்டுகளை இணைக்கும் பிளேட் ஒன்று வரும். அந்த பிளேட்டின் அடியில் 16 அங்குலச் சதுரமும் 2 அங்குலத் தடிமனும் உள்ள கான்கிரீட் கல்லைப் பதிக்க வேண்டும். கான்கிரீட் மேல் ஆசைப்பட்டவருக்கு இவ்வளவுதான் கான்கிரீட்.

கல்லைத் தரையின் மேல் வைக்கக் கூடாது. கல்லின் மேற்பரப்பும் தரையும் ஒரே மட்டத்தில் வரும்படி புதைக்க வேண்டும். கல் துருத்திக்கொண்டு நின்றால், இரண்டு கற்களுக்கு இடையில் ஓடும் அடித்தடம் அந்தரத்தில் தொங்கும். அந்த இடைவெளி வழியாக உள்ளேயிருக்கும் மணல் மழைக்கு மழை வெளியே வரும். அடுத்தடுத்த கற்களை ரசமட்டம் வைத்து மட்டும் பார்த்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றிலும் மயிரிழை தவறிச் சுற்றி வரும்போது கடைசிக் கல்லுக்கும் முதல் கல்லுக்கும் ஒட்டாது. எல்லாக் கற்களையும் ஒரே லேசர் குறிக்கு, அல்லது மட்டக்குழாயின் ஒரே முளைக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 6, 2024

அடித்தடத்தைப் பூட்டுவது ஒரு மாலை வேலை. எழுதுவதற்கு அதிகம் இல்லை. தடத்தின் துண்டுகளை பிளேட்டில் செருகும்போது இரு முனைகளும் முட்டிக்கொள்ளாமல் கையேடு சொல்லும் இடைவெளியை விடுங்கள். முட்டினால் பின்னால் சரிசெய்ய இடம் இருக்காது. பிறகு மைய முளையிலிருந்து ஒவ்வொரு பிளேட்டுக்கும், எதிரெதிர் பிளேட்டுகளுக்கு இடையிலும் அளந்து வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த இடைவெளி ஏன் என்பதுதான் சுவையான பகுதி. 24 அடிக் குளத்தின் சுற்றளவு 75 அடி 5 அங்குலம். என்னுடையதில் 16 தூண்கள். சுவர் ஆலையில் வெட்டி வந்த ஒரே தகடு. அதன் நீளத்தை நாம் மாற்ற முடியாது. சுவரைத் தடத்தில் ஏற்றிக்கொண்டே வந்து கடைசியில் இரு முனைகளுக்கும் இடையே இரண்டு அங்குலம் விழுந்தால், வட்டம் பெரிதாகிவிட்டது என்று பொருள். அப்போது தகட்டை இழுத்துப் பிடிக்கக் கூடாது. 16 பிளேட்டுகளிலும் இடைவெளியை அரைக்கால் அங்குலம் குறைத்தால் அந்த இரண்டு அங்குலம் மறைந்துவிடும். முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

சுவரின் முனைகள் சேரும் போல்ட்டு வரிசை ஒரு பிளேட்டின் நடுவில் வருமாறு தொடங்குங்கள். பிறகு தூண் அதை மறைத்துவிடும். மேல்நீரில் மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மருக்கான துளை பம்பு இருக்கும் பக்கம் வருமாறும் அப்போதே கணக்குப் பாருங்கள். போல்ட்டின் வழவழப்பான தலை உட்பக்கம், நட்டு வெளிப்பக்கம். உட்பக்கத் தலைகளின் மேல் டக்ட் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். ஒரு துளை விடாமல் எல்லாவற்றிலும் போல்ட்டு இருக்க வேண்டும். 6,000 பவுண்டு கணக்கை நினைவில் வையுங்கள்.

ஏப்ரல் 7, 2024

காற்று. டெக்ஸாஸின் வசந்த காலக் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்விளிம்புச் சட்டம் ஏறும் வரை அந்தச் சுவர் பாய்மரம்தான். வானிலையைப் பார்த்து, காற்றே இல்லாத காலையில், ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சுவர்ச் சுருளைப் பிரியுங்கள். கையுறை கட்டாயம், தகட்டின் விளிம்பு அரிவாள்மனைக்குச் சளைத்ததல்ல என்பதை எங்கள் கூட்டத்தில் கையுறையை மறுத்த ஒரு நண்பர் உடனே ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரல் 13, 2024

மின் இணைப்பைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 680-ஆம் பிரிவு, உலோகச் சுவர் கொண்ட குளத்தையும் அதைச் சுற்றியுள்ள தரையையும் பம்பையும் 8-ஆம் எண் திடச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்கிறது. அந்தக் கம்பி உட்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலம் தள்ளி, 4 முதல் 6 அங்குல ஆழத்தில் குளத்தைச் சுற்றி ஓடி, சம இடைவெளியில் குறைந்தது நான்கு இடங்களில் குளத்தின் உலோகத்தோடு சேர வேண்டும். மின்சாரத்தைப் பூமிக்குள் அனுப்புவது இதன் நோக்கமன்று. ஈரக் காலோடு தரையில் நின்று சுவரைத் தொடுகிறவருக்குத் தரையும் சுவரும் தண்ணீரும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கச் செய்வது.

அடிச்சட்ட இழையில் இது எதற்கு என்றால், மண் திறந்து கிடக்கும் இந்தக் கட்டத்தில்தான் அந்தக் கம்பியை எளிதாகப் புதைக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை இப்போதே கூப்பிடுங்கள். நகராட்சி அனுமதிக்கும் ஆய்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஏப்ரல் 20, 2024

மிச்சிகனில் மணற்பாங்கான ஊரில் இருக்கும் ஒருவர், தாம் முழுக் கான்கிரீட் தளம் போட்டு அதன் மேல் குளத்தை நிறுத்தியிருப்பதாகவும், ஆண்டுக் கணக்கில் அசையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வதில் தவறில்லை. தளம் முழுவதும் ஒரே பலகையாக இருந்தால், குளமும் சுவரும் சேர்ந்தே அசையும். மேலே நுரைப்பலகை விரித்து லைனரைக் காப்பாற்றிவிட்டால் போதும், செலவுதான் கூடுதல். ஆகவே கான்கிரீட்டே கூடாது என்று நான் தொனித்திருந்தால், அதை வளையத்துக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன். வளையம் போட்டால் சுவர் கான்கிரீட்டின் மேலும், நடுத்தரை களிமண்ணின் மேலும் நிற்கும். கரிசல் உப்பும்போது நடு உயரும், வளையம் தன் போக்கில் இருக்கும். அல்லது வளையமே ஓரிடத்தில் விரிசல் விட்டுப் படியாக நிற்கும். இரண்டிலும் நசுங்குவது அடித்தடம்.

மே 4, 2024

அடிச்சட்டமும் சுவரும் நின்ற பிறகு, உட்புறம் சுவரும் தரையும் சேரும் மூலையில் சுற்றிலும் சாய்வாக ஒரு கரை கட்ட வேண்டும். ஈரமணலைக் கையால் அழுத்தி ஆறு முதல் எட்டு அங்குல உயரத்துக்குக் கட்டலாம். ஒட்டக்கூடிய நுரைக்கரைத் துண்டுகளும் கிடைக்கின்றன. இது இல்லாவிட்டால் தண்ணீர் லைனரை அடித்தடத்தின் இடுக்குக்குள் பிதுக்கித் தள்ளும், அங்கேதான் கிழியும். எனக்கு நுரைதான் பிடித்திருக்கிறது. மணற்கரையில் எறும்பு புகும், உள்ளே இறங்குகிற பிள்ளைகள் அதையே மிதித்துச் சிதைப்பார்கள். இந்த ஊர் நெருப்பெறும்புக்குக் காய்ந்த மணல் என்றால் மாளிகை.

ஜூன் 8, 2024

தண்ணீர் விட்டாயிற்று, கால் அங்குலம்கூட வேறுபாடு இல்லை என்ற செய்தி மகிழ்ச்சி. படம் போடாமல் சொன்னதை நம்புகிறேன். பிள்ளைகள் இறங்கும் பக்கம் ஏணியின் கால்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். ஏணியை எடுக்கவோ பூட்டவோ வழி இருக்க வேண்டும் என்பதும் விதி. 48 அங்குலச் சுவர் வேலியாகக் கணக்கில் வருவது, ஏணியை எடுத்தோ பூட்டியோ வைத்திருக்கும்போதுதான்.

ஆகஸ்ட் 17, 2024

ஒரு திருத்தம் அல்ல, ஒரு நீட்சி. மட்டம் பார்த்துக் கல் பதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று என் மார்ச் மாதக் குறிப்புகளைப் படிப்பவர்கள் எண்ணலாம். கரிசலில் அது முடிவதில்லை. இப்போது என் தோட்டத்தில் விரல் நுழையும் அகலத்துக்கு வெடிப்பு ஓடுகிறது. குளத்தின் அடியில் இருக்கும் மண் நிழலில் ஈரமாகவே இருக்கிறது. வெளிவட்டத்து மண் மட்டும் காய்ந்து சுருங்குகிறது. மேற்கு வெயில் படும் பக்கத்துத் தூண்கள் இரண்டின் அடியில் கல் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதை ரசமட்டம் காட்டியது.

டல்லாஸ்காரர்கள் வீட்டின் அடித்தளத்தைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு மண்ணின் ஈரத்தைச் சீராக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே குளத்துக்கும் செய்கிறேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மண் சேறாகாமல் ஈரம் மட்டும் காயாத அளவுக்கு. அதோடு பிள்ளைகள் குதித்துத் தண்ணீர் சிதறும் பக்கம் மட்டும் எப்போதும் நனைவதும் நல்லதல்ல. ஏணியை இடம் மாற்றினால் குதிக்கும் இடமும் மாறும். அதற்கு என் வீட்டில் கிடைத்த எதிர்ப்பு மண்ணியலில் இல்லாதது.

ஆகஸ்ட் 18, 2024

தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் காட்டில் வெடிப்பு இன்னும் அகலமாம். போட்டியில் தோற்றுவிட்டோம்.

செப்டம்பர் 21, 2024

பழைய குளத்தைக் கழற்றி விற்கிறார்கள், வாங்கலாமா என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். கழற்றும் நாளில் நேரில் போய்ப் பாருங்கள். அடித்தடமும் பிளேட்டுகளும் துருப்பிடித்திருந்தால் கவலையில்லை, அவை பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியது சுவரின் கீழ் விளிம்பையும் ஸ்கிம்மர் துளையின் ஓரத்தையும். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும் இடத்தைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். சாவி உள்ளே போனால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். போல்ட்டுத் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டு போயிருந்தாலும் இதே பதில். பழைய லைனர் சுருங்கி விறைத்துப் போயிருக்கும், திரும்பப் பொருந்தாது. புதியதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.